அப்பாவின் ‘கேஸ்’ மாத்திரை: மும்பை செம்பூர் நாட்குறிப்பு

ஜூன் 9

மத்தியானம் அப்பா சாப்பிட்ட பூசணிக்காய் ராத்திரி வாந்தியில் அப்படியே வந்தது. நாலு வாய்க்கு மேல் இறங்குவதில்லை, தட்டை நகர்த்திவிடுகிறார். சர்க்கரை வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கிளினிக்கில் கேஸ் என்று சொல்லி எழுதிக் கொடுத்த கேப்ஸ்யூல் போன தீபாவளியிலிருந்து ஓடுகிறது, முதலில் நன்றாகவே கேட்டது, அதனால் சீட்டு இல்லாமலே கெமிஸ்ட் கொடுக்க, இவரும் போட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்போது வலது கை வேறு நடுங்குகிறது. காலண்டரில் அவர் எழுதும் பால் கணக்கைப் பார்த்தேன், ஜனவரியில் இருந்த எழுத்து இப்போது பாதியாகச் சுருங்கியிருக்கிறது. வயசாச்சு இல்லையா என்கிறாள் அம்மா. எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஜூன் 17

நரம்பு டாக்டர் கையைப் பார்ப்பதற்கு முன்பே மாத்திரை அட்டைகளைத்தான் கேட்டார். கேப்ஸ்யூல் அட்டையைத் திருப்பி வாசித்தார்: ரேபிப்ரசோல் 20 மி.கி., அதற்குக் கீழே லெவோசல்பிரைடு 75 மி.கி. முதலாவது அமிலத்தைக் குறைப்பது. இரண்டாவதுதான் இரைப்பையை வேலை செய்யவைப்பது, நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற ரசாயனத்தைத் தடுத்து அதைச் செய்கிறது, ஆனால் மூளைக்குள்ளும் நுழைந்து அங்கேயும் தடுப்பதால் பார்க்கின்சன் மாதிரியே நடுக்கமும் விறைப்பும் வரலாம், வயதானவர்களுக்குக் கூடுதலாக. உடனே நிறுத்தச் சொன்னார். பார்க்கின்சன் மாத்திரை இப்போது வேண்டாம், பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானே குறையும், குறையாவிட்டால் மறுபடி பார்க்கலாம் என்றார்.

வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும் இதே வகைதான். அதை 12 வாரத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்காவில் 2009-லேயே கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்திருக்கிறார்கள். இங்கே எங்களுக்கு ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோபம் இன்னும் அடங்கவில்லை.

ஜூலை 2

பரேலில் ஸ்கேன். துளி கதிரியக்க மருந்து கலந்த இட்லியைச் சாப்பிடச் சொல்லி நாலு மணி நேரத்துக்குள் இடையிடையே படம் எடுத்தார்கள். கடைசிப் படத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் மிச்சம் இருந்தால் இரைப்பை மந்தம். அப்பாவுக்கு 38. பல வருஷச் சர்க்கரை, இரைப்பையை இயக்கும் வேகஸ் நரம்பைக் கெடுத்திருக்கிறது. சாப்பாடு இரைப்பையிலேயே தங்கிவிட, இன்சுலின் மட்டும் முந்திக்கொண்டு வேலை செய்வதால்தான் சாப்பிட்ட கையோடு சர்க்கரை இறங்கி வியர்க்கிறது. இத்தனை நாள் புரியாத விஷயம் இது.

ஜூலை 5

வயிற்று டாக்டர் முதலில் யோசித்தது டோம்பெரிடோன், அதுவும் டோபமைனைத் தடுப்பதுதான் என்றாலும் மூளைக்குள் அதிகம் போகாது. ஆனால் இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடும், அதனால் ஐரோப்பாவில் 2014-லிருந்து பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 30 மி.கி.க்கு மேல் கூடாது. ஈசிஜி எடுத்ததில் அப்பாவுக்கு க்யூடி இடைவெளி (ஒவ்வொரு துடிப்புக்கும் இதயத்தின் மின்னோட்டம் எடுத்துக்கொள்ளும் நேரம்) ஏற்கனவே நீளம், ஆகவே அது வேண்டாம் என்றாகிவிட்டது. எரித்ரோமைசினும் இரைப்பையைத் தள்ளும், ஆனால் அதற்கும் அதே இதயச் சிக்கல் உண்டு, போதாததற்குச் சில வாரத்தில் உடம்பு பழகிவிடும். கடைசியில் புருகாலோபிரைடு 1 மி.கி. மலச்சிக்கலுக்கென்று வந்த மருந்து, டோபமைனைத் தொடுவதில்லை.

ஜூலை 28

ஆரம்பத்தில் தலைவலியும் வயிற்றுப்போக்கும் இருந்தன, அப்புறம் அடங்கிவிட்டன. வாந்தி நன்றாகக் குறைந்திருக்கிறது, வயிறு உப்புசம் போகவில்லை. குழைந்த ரசம் சாதம், இட்லி, வடிகட்டிய சூப் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை. கீரைத் தண்டு, ஆரஞ்சுச் சக்கை, எண்ணெயில் பொரித்தது எதுவும் கிடையாது. சாப்பிட்டதும் படுக்காமல் மாடியில் நடக்கிறார். கை நடுக்கம் குறைந்துகொண்டு வருகிறது, சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறார்.

மாட்டுங்கா அத்தை போன் செய்தார், அவரும் ஏதோ கேஸ் கேப்ஸ்யூல்தான் போடுகிறாராம். அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். லெவோசல்பிரைடு. “அத்தை, நாளைக்கே டாக்டர்கிட்ட இந்த அட்டையைக் காட்டிக் கேளுங்க, வேற என்னென்ன மாத்திரை போடறீங்கன்னும் சொல்லுங்க” என்றேன். சனிக்கிழமை நானும் கூடப் போகிறேன்.