கல்கிசைக் கரையில் ஒரு கூடு, 51 நாள்

கொழும்பு வெள்ளவத்தையில் இரவுச் சாப்பாட்டை முடித்து, பஸ் பிடித்து கல்கிசையில் இறங்கி, முட்டையிட வரும் கடலாமையைத் தேடி மணலில் நடப்பேன். முதல் ஐந்து இரவும் வெறுங்கையோடுதான் திரும்பினேன். டோர்ச் அடித்துத் தேடியது என் பிழை. ஆறாம் இரவு, வலை பார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் “மல்லி, லைட் எப்பா” என்றார், தம்பி, லைட் வேண்டாம் என்று சிங்களத்தில். வெளிச்சம் கண்டால் கரையேறும் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும். அன்றோடு டோர்ச் பைக்குள் போனது. அரை மணி நேரம் கண்ணைப் பழக்கினால் அலை நுரையின் வெண்மையே போதும்.

ஜனவரி 27, நள்ளிரவு தாண்டி. பாறை என்று நினைத்தது நகர்ந்தது. பங்குனி ஆமை! அது குழி தோண்டும்வரை அசையாமல் இருந்தேன். பிறகு, பின்பக்கமாகத் தள்ளி, சாரத்தை விரித்துக் குப்புறப் படுத்தேன். ஒரு பின்துடுப்பு கிண்ணம்போல் வளைந்து மணலை அள்ளும். மற்றது தன் முறைக்குக் காத்திருக்கும். முட்டையிட்டு மூடியபின் உடம்பை இடமும் வலமும் சாய்த்து, ஓட்டின் அடிப்பக்கத்தால் மணலை இடித்தது. அந்த இடி மணல் வழியே என் நெஞ்சில் தட்டியது. அதன்பின் கடலுக்குப் போனது, திரும்பி வரவே இல்லை. இவற்றில் தாய்ப் பராமரிப்பு என்பது அந்த ஒரு மணி நேரம்தான்.

விடிந்ததும் தடத்தை அளந்தேன்: 74 சென்டிமீட்டர், துடுப்புக் குறிகள் மாறி மாறி. பேராமையென்றால் இரண்டும் சோடியாகப் பதிந்திருக்கும். கூட்டின் இடத்தை எங்கும் குறிக்கவில்லை. ஒரு தென்னையிலிருந்து எத்தனை அடி என்று மனதில் வைத்துக்கொண்டேன். 1937ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாத்தாலும் முட்டை தோண்டுபவர்கள் இருக்கிறார்கள். நாய்களும்.

பெப்ரவரி முழுக்க நல்ல வெயில். மணல் சூடேறினால் பெண் குஞ்சுகள் கூடும். போகும்போதெல்லாம் பிளாஸ்டிக் பொறுக்கினேன். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் கப்பல் எரிந்தபோது ஒதுங்கியவை போன்ற வெள்ளை மணிகளும் கிடைத்தன.

மார்ச் 19, இரவு எட்டு மணி. மணல் தட்டுப்போல் உள்ளே இறங்கியது, ஒரு மூக்கு வந்தது, பிறகு கொதிக்கும் சோறுபோல் எல்லாம் ஒன்றாகப் பொங்கின. மூன்று குஞ்சுகள் வீதி விளக்கை நோக்கித் திரும்பின. தூக்கவில்லை. சாரத்தை இரு கையாலும் விரித்து விளக்கை மறைத்து நின்றேன். சற்று நேரம் தயங்கிவிட்டு அவையும் கடற்பக்கம் திரும்பின.

83 எண்ணினேன். கடைசிக் குஞ்சின் ஓட்டில் முட்டைத்தோல் ஒட்டியிருந்தது. முதல் அலை அதைக் கழற்றியது, இரண்டாவது குஞ்சைக் கொண்டுபோனது.