இருட்டில் ஷீட் ஃபிலிம்: ஹோல்டர் நிரப்பும் குறிப்புகள்

ஜூன் 7, 2025, சனி

தனித்தனித் தாளாக வரும் 4×5 அங்குல ஷீட் ஃபிலிமில் படமெடுக்கும் கேமரா வாங்கும் புதியவர்கள் லென்ஸைப் பற்றித்தான் நிறையக் கேட்கிறார்கள். ஃபிலிம் வீணாவது பெரும்பாலும் அதை வைத்துக் கேமராவில் செருகும் ஹோல்டரில். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறோம்.

இன்று பழைய ஹோல்டர்களைப் பிரித்துத் துடைத்தோம். ஃபிடெலிட்டி, லிஸ்கோ, டோயோ எந்தத் தயாரிப்பானாலும் அமைப்பு ஒன்றுதான். நடுவில் ஒரு தகடு, அதன் இரு பக்கமும் ஒவ்வொரு ஷீட். மேல்முனையில், ஃபிலிமை வெளிச்சத்திலிருந்து மறைக்கும் டார்க் ஸ்லைடு என்ற இழுப்பு மூடி நுழையும் வாய். அதற்குள் வெளிச்சத்தைத் தடுக்கும் வெல்வெட் பட்டை. கீழ்முனையில் டேப்பால் ஒட்டிய ஃப்ளாப், கதவுபோல மடங்கித் திறக்கும்.

கவனமாகப் பார்க்க வேண்டியது நீள ஓரங்களை. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு காடிகள் (நீளப் பள்ளங்கள்) ஓடும். கீழ்க்காடி ஃபிலிமுக்கு, மேல்காடி டார்க் ஸ்லைடுக்கு. இரண்டுக்கும் நடுவே மெல்லிய விளிம்புதான் இருக்கிறது. இருட்டில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த விளிம்பைத் தவறவிடுவதால் வருபவை. விளக்கை அணைக்கும் முன் விரல் நகத்தை அதன்மேல் ஓட்டிப் பழகுங்கள்.

4×5 ஹோல்டரின் முகத்திலிருந்து ஃபிலிம் படுக்கும் தகடு வரை ஆழம் 0.197 அங்குலம், ஏறத்தாழ 5 மி.மீ. ஃபோகஸ் பார்ப்பதற்கான மங்கல் கண்ணாடியான கேமராவின் கிரவுண்ட் கிளாஸ் இந்தக் கணக்குக்கே பொருத்தப்பட்டிருக்கும். ஃபிலிம் மேல்காடியில் ஏறிவிட்டால் ஃபோகஸும் கூடவே நகரும். கண்ணாடித் தகடுக்கான பழைய ஹோல்டர்கள் பார்வைக்கு இதேபோல இருக்கும். அவற்றில் ஷீட் ஃபிலிமை அப்படியே போட முடியாது. வாங்கும்போது காடியைப் பார்த்து வாங்குங்கள்.

துடைப்பதற்கு மென்மையான பிரஷ் போதும். வாக்குவம் கிளீனரின் மெல்லிய முனை கிடைத்தால் இன்னும் நல்லது. ஈரத்துணி வேண்டாம். தூசி அதிகம் ஒளிந்திருப்பது வெல்வெட் வாயிலும் ஃப்ளாப்பின் மடிப்பிலும். துடைத்ததும் ஜிப் கவரில் போட்டு மூடிவிட வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

ஒரு ஷீட்டைப் பலி கொடுங்கள். விலையை நினைத்துத் தயங்குபவர்கள் பிறகு அதைவிட அதிகமாக இழக்கிறார்கள். பகல் வெளிச்சத்தில் கண்ணைத் திறந்து ஏற்றி இறக்குங்கள், பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கடைசியாக உண்மையான இருட்டில். கை தயங்காமல் போகும் வரை உண்மையான ஃபிலிம் பெட்டியைத் திறக்க வேண்டாம்.

ஷீட்டின் குட்டை ஓரத்தில், ஒரு மூலைக்குப் பக்கத்தில் வெட்டுக்குறிகள் இருக்கும். ஃபிலிமுக்கு ஃபிலிம் வடிவமும் எண்ணிக்கையும் மாறும், இடம் மாறாது. ஷீட்டை நெட்டுவாக்கில் பிடித்து, வெட்டுக்குறி வலது மேல்மூலையில் இருந்தால் ஒளியை உணரும் பூச்சான எமல்ஷன் உங்களைப் பார்க்கிறது. இருட்டில் எமல்ஷனைத் தடவிப் பார்க்க வேண்டியதே இல்லை.

மேசையில் ஏற்றும் முறை: ஹோல்டரைக் கிடத்தி, ஃப்ளாப் முனை வலக்கைப் பக்கம் இருக்கட்டும். எமல்ஷன் மேலே பார்க்க, ஷீட்டை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகத் தள்ளுங்கள். அப்போது வெட்டுக்குறி வலது ஓரத்தில், உங்கள் உடம்புக்கு அருகிலுள்ள மூலையில் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். ஏற்றி முடித்த பிறகும் அது ஃப்ளாப் அருகிலேயே இருப்பதால், மூடும் முன் இன்னொரு முறை தடவி உறுதி செய்யலாம். இடக்கைக்காரர்கள் ஹோல்டரைத் திருப்பி வைத்தால் வெட்டுக்குறியின் மூலையும் மாறும். தங்களுக்கான இடத்தை வெளிச்சத்திலேயே பார்த்து வைத்துக்கொள்ளட்டும்.

டார்க் ஸ்லைடை எவ்வளவு இழுப்பது? பலர் பாதிவரை இழுக்கிறார்கள். புதியவர்களுக்கு இரண்டு மூன்று செ.மீ. போதும் என்பது எங்கள் கருத்து. மேல்காடியை ஸ்லைடு அடைத்துக்கொண்டிருப்பதால், தப்பான காடியில் போகும் ஷீட் உடனே முட்டி நிற்கும். முட்டினால் அழுத்தாமல் வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள்.

ஜூன் 10, செவ்வாய்

இருட்டைப் பற்றி மட்டும். அறையை மூடி விளக்கை அணைத்து, பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கண் பழகிய பிறகுதான் கதவுக்கு அடியிலும் சாவித்துவாரத்திலும் வரும் வெளிச்சம் தெரியும். ஏ.சி.யின் குட்டி விளக்கு, இன்வர்ட்டர், ரவுட்டர், ஒளிரும் முள் உள்ள கைக்கடிகாரம் எல்லாம் வெளியே. கைபேசியை அணைத்து அடுத்த அறையில் வையுங்கள். கரண்ட் போயிருக்கும்போது ஏற்றலாம் என்று நினைப்பவர்கள் சுவிட்ச் ஆஃப் நிலையில்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கரண்ட் திரும்பும் அந்த நொடியில் பெட்டி முழுவதும் போய்விடும். சுவிட்சின்மேல் ஒரு டேப் ஒட்டிவிடுவது நல்லது. மின்விசிறியையும் சற்று முன்பே நிறுத்திவிடுங்கள், தூசி அடங்கட்டும்.

எல்லா நிறத்தையும் உணரும் பான்குரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு விளக்கு ஆகாது. சிவப்பை உணராத, இல்ஃபோர்டு ஆர்த்தோ பிளஸ் போன்ற ஆர்த்தோ ஃபிலிமை மட்டும் இருட்டறை விளக்கான அடர்சிவப்பு சேஃப்லைட்டில் கையாளலாம். கண்ணால் பார்த்துக்கொண்டே கற்றுக்கொள்ள இதைவிட நல்ல ஃபிலிம் இல்லை.

அறை இல்லாதவர்கள், கையை உள்ளே நுழைத்து வேலை செய்யும் ஒளிபுகாத பையான சேஞ்சிங் பேக்கில் செய்யலாம். ஆனால் எங்கள் கடலோர வெயிலில் கை சீக்கிரம் வியர்க்கும், பையின் துணி ஃபிலிம்மேல் சரியும். கூடாரம்போல நிமிர்ந்து நிற்கும் வகை மேல். எதுவானாலும் ஒரே மூச்சில் எல்லா ஹோல்டரையும் நிரப்ப முயல வேண்டாம்.

ஜூன் 14, சனி

உண்மையான பெட்டி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததைச் சில மணி நேரம் வெளியே வைத்த பிறகே திறக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் ஷீட்டில் படியும், ஷீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டும்.

விளக்கை அணைக்கும் முன் மேசையில் எல்லாவற்றுக்கும் ஓர் இடம் இருக்கட்டும்: ஹோல்டர்கள் இடப்பக்கம் அடுக்காக, பெட்டி எதிரில், நிரப்பியவை வைக்க வலப்பக்கம் காலி இடம். ஸ்லைடுகளின் வெள்ளைப் பக்கம் வெளியே தெரியும்படி முன்பே திருப்பி வைத்திருக்க வேண்டும். வெள்ளை என்றால் படம் எடுக்காதது, கறுப்பு என்றால் எடுத்தது. பெரும்பாலான ஸ்லைடுகளில் வெள்ளைப் பக்கத்துக் கைப்பிடியில் சிறு புடைப்புகள் இருப்பதால் இருட்டிலும் விரலுக்குத் தெரியும்.

பெட்டி பொதுவாக ஒன்றுக்குள் ஒன்று கவிழ்ந்த மூன்று தட்டுகள், உள்ளே ஃபிலிம் உறை. ஷீட்டை எடுத்ததும் மூலையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். ஒரு ஷீட்டின் தடிமன் ஏறத்தாழ 0.18 மி.மீ. இரண்டு ஒட்டியிருந்தால் கனம் தெரியும், தேய்த்தால் நழுவிப் பிரியும். ஓரங்களை மட்டும் பிடிக்க வேண்டும். எடுத்த உடனே உறையை மடித்துவிடுங்கள்.

ஷீட் முழுவதும் உள்ளே போனதும், மூடும் முன், நகச் சோதனை. ஃப்ளாப் பக்கத்து ஓரத்தின் அடியில் நகத்தை நுழைத்து, மிக மெல்ல உயர்த்திப் பாருங்கள். இரு பக்கமும் காடியின் விளிம்பு ஷீட்டைப் பிடித்து நிறுத்த வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எழும்பினால் அந்தப் பக்கம் மேல்காடியில் இருக்கிறது. எங்களைக் கேட்டால், மொத்த வேலையிலும் விடக்கூடாத படி இதுதான். ஃப்ளாப்பை மூடி ஸ்லைடை நிதானமாகத் தள்ளுங்கள். ஸ்லைடின் நுனி ஃப்ளாப்பின் பள்ளத்தில் போய் உட்காரும்போது கையில் தெரியும். மேல்முனையில் உள்ள கொக்கியைத் திருப்பிப் பூட்டினால் ஒரு பக்கம் முடிந்தது.

ஃப்ளாப் மூட மறுத்தால் ஷீட் முழுவதும் போகவில்லை என்று பொருள். அழுத்தி மூடினால் ஓரம் மடங்கிவிடும்.

ஜூன் 15, ஞாயிறு

கழுவிய நெகட்டிவ் பல கேள்விகளுக்குப் பதில் சொல்லும். ஓரத்தில் ஒளி படாத தெளிந்த கோடு காடியின் விளிம்பு மறைத்த அடையாளம், குறை அல்ல. அது ஒரு நீள ஓரத்தில் மட்டும் இல்லாமலோ கோணலாகவோ இருந்தால் ஷீட் காடியை விட்டு விலகியிருக்கிறது. கூடவே அந்தப் பக்கம் ஃபோகஸும் மங்கியிருக்கும்.

படம் மிக மெலிந்து, இடவலம் மாறியிருந்தால் ஷீட் முன்பின் மாறி, எமல்ஷன் உள்பக்கமாக ஏறியிருக்கிறது. வண்ண நெகட்டிவ் ஃபிலிமில் இதே தவறு படம் முழுவதையும் சிவப்பாக்கும். பிறைவடிவக் கறை, ஷீட்டை விரலால் மடக்கிய இடம். மரக்கிளைபோலப் பிரியும் கறுப்புக் கோடுகள் நிலைமின்சாரம்: வறண்ட ஏ.சி. அறையில் ஸ்லைடையோ ஷீட்டையோ வேகமாக இழுத்தால் வரும். நெகட்டிவில் தெளிந்த புள்ளிகள், அதாவது பிரின்டில் கறுப்புப் புள்ளிகள், ஏற்றும்போது ஒட்டிய தூசி. பிரின்டில் வெள்ளைப் புள்ளி என்றால் ஹோல்டரைக் குறை சொல்ல வேண்டாம், அது பெரும்பாலும் பிரின்ட் போடும் கருவியான என்லார்ஜரில் விழுந்த தூசி.

வெளிச்சக் கசிவு எந்த முனையிலிருந்து என்று பாருங்கள். ஃப்ளாப் முனையிலிருந்து என்றால் மடிப்பு டேப் கிழிந்திருக்கும். ஸ்லைடு வாயிலிருந்து என்றால் வெல்வெட் தேய்ந்திருக்கலாம், அல்லது ஸ்லைடை ஒரு மூலையாகச் சாய்த்து நுழைத்திருக்கலாம். நேராக, முழு அகலமும் ஒரே சமயத்தில் நுழையட்டும்.

சந்தேகமான ஹோல்டருக்கு ஃபிலிம் செலவழிக்க வேண்டாம். பிரின்ட் பேப்பரை 4×5-ஐவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறைவாக வெட்டி, சேஃப்லைட்டில் ஏற்றி, மூடிய ஹோல்டரை வெயிலில் எல்லாப் பக்கமும் திருப்பிச் சில நிமிடம் காட்டிவிட்டுக் கழுவுங்கள். ஒழுகும் இடம் கறுத்துக் காட்டும். ஹோல்டரின் இரு பக்கத்துக்கும் தனித்தனி எண் எழுதி, எந்த எண்ணில் எந்த நெகட்டிவ் என்று குறித்துவையுங்கள். ஒரே எண்ணில் ஒரே இடத்தில் கறை திரும்ப வந்தால் அந்த ஹோல்டரைத் தனியே எடுத்து வைத்து இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.