கோபன்ஹேகனின் கிறிஸ்துமஸ் சந்தைகள்: டிசம்பர் நாட்குறிப்பு

7 டிசம்பர் 2024, சனிக்கிழமை

ஹொய்ப்ரோ சதுக்கத்துச் சந்தைக்கு மதியமே கிளம்பிவிடலாம் என்றாள் மகள். அவள் சொன்னது சரிதான். இந்த மாதத்தில் கோபன்ஹேகனில் சூரியன் எட்டரை மணியை ஒட்டி எழுந்து, பிற்பகல் மூன்றரை மணிவாக்கில் மறைந்துவிடுகிறது. பொருளைப் பகல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து வாங்க விரும்புபவர்களுக்கு அந்தச் சில மணி நேரம்தான் கிடைக்கிறது. நகரை நிறுவியவராகப் போற்றப்படும் ஆயர் அப்சலோன் குதிரைமேல் போர்க்கோலத்தில் அமர்ந்திருக்கும் சிலையைச் சுற்றி மரக்குடில்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் கூரை விளிம்பிலும் ஊசியிலைக் கொப்புகளையும் சிறு விளக்குச் சரங்களையும் கட்டியிருக்கிறார்கள்.

இந்தக் குடில் வரிசை ஜெர்மானிய நகரங்களின் சந்தைகளைப் பின்பற்றி அமைந்தது. டேனிஷ் கிறிஸ்துமஸின் பழைய பழக்கங்கள் பெரும்பாலும் வீட்டுக்குள்ளே வளர்ந்தவை. அதனால்தானோ என்னவோ, இங்கே விற்கும் கம்பளித் தொப்பிகளிலும் தகர நட்சத்திரங்களிலும் பாதிக்குமேல் எந்த நாட்டுச் சந்தையிலும் கிடைக்கக்கூடியவையாக இருந்தன. இரண்டு மூன்று கடைகளில், இதைச் செய்தவர் யார் என்று மகளை விட்டுக் கேட்கச் சொன்னேன். விற்றவர்களுக்கும் அது தெரியவில்லை. சந்தைக்குப் போகிறவள் கேட்கக்கூடிய மிக எளிய கேள்வி இது. பதில் கிடைக்காத இடத்தில் எனக்கு வாங்க மனம் வருவதில்லை.

சாப்பாட்டுக் கடைகளில் அந்தக் குறை இல்லை. எப்லஸ்கீவர் என்னும் பண்டத்தை நம் கண்முன்னே சுட்டுக் கொடுக்கிறார்கள். வார்ப்பிரும்புக் கல்லும் அதன் குழிகளும் அச்சு அசல் நம் பணியாரக் கல்லேதான். மாவு ஒரு பக்கம் வெந்ததும் கம்பியால் புரட்டிவிடும் கை அசைவும் அதே. சுட்டவற்றின்மேல் சர்க்கரைத் தூளைத் தூவி, பழக்கூழோடு தட்டில் வைத்துத் தந்தார்கள். மாவில் ஏலக்காய் மணத்தது.

திரும்பும்போது பாலத்தைக் கடந்து பொர்சன் கட்டடம்வரை நடந்தோம். நான்காம் கிறிஸ்டியன் மன்னர் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வணிகர்களுக்காக எழுப்பிய கூடம் அது. கீழே சரக்கறைகள், மேலே கடைகள் என்று இந்த நகரத்துக்கு மழையும் பனியும் படாத சந்தையாக இருந்தது. இவ்வாண்டு ஏப்ரல் 16 அன்று அது தீப்பிடித்து எரிந்தது. நான்கு டிராகன்களின் வால்கள் முறுக்கிப் பின்னிய அதன் கோபுரம் சரிந்து விழுந்ததை எங்கள் ஊரில் தொலைக்காட்சியில் பார்த்தேன். ஊழியர்களும் வழிப்போக்கர்களும் சேர்ந்து பழைய ஓவியங்களைத் தோளில் சுமந்து வெளியே கொண்டுவந்தார்கள். இன்று அங்கே சாரக்கட்டுகளும் இயந்திரங்களும்தான் இருக்கின்றன. மயிலாடுதுறையில் வளர்ந்த எனக்கு அந்த மன்னரின் பெயர் புதிதன்று. தரங்கம்பாடிக்குக் கப்பல் அனுப்பியவர் அவர்தான். அதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும். இன்று விரல்கள் விறைத்துவிட்டன.

9 டிசம்பர், திங்கட்கிழமை

நியூஹாவ்ன் கால்வாய்க்கரைச் சந்தை. கரையில் மஞ்சளும் சிவப்பும் நீலமுமாக நிற்கும் பழைய வீடுகள், நீரில் பாய்மரக் கப்பல்கள். படம் எடுப்பவர்களின் கூட்டத்தில் நடக்கவே இடமில்லை. கால்வாய் பதினேழாம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது. சிறுவர் கதைகளால் புகழ்பெற்ற எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் இந்தக் கரையில் வெவ்வேறு காலங்களில் மூன்று வீடுகளில் குடியிருந்திருக்கிறார். கடைகளில் ஹொய்ப்ரோவில் கண்ட பொருள்களையே மீண்டும் கண்டேன். இந்த இடத்துக்கு வருவதற்குக் கால்வாயே போதுமான காரணம். சந்தைக்காக வர வேண்டியதில்லை.

13 டிசம்பர், வெள்ளிக்கிழமை

இன்று புனித லூசியாவின் நாள். காலையில் பேரனின் பள்ளியில் வெள்ளை அங்கி அணிந்த பிள்ளைகள் விளக்குகளை ஏந்தி இருட்டிய நடைக்கூடத்தில் பாடிக்கொண்டே வந்தார்கள். முன்னால் வந்த சிறுமியின் தலையில் மெழுகுவர்த்திக் கிரீடம். இது ஸ்வீடனில் வேரூன்றிய வழக்கம். டென்மார்க்கில் இது பரவலானது 1944 இல், நாடு ஜெர்மானியப் படைகளின் பிடியில் இருந்தபோது. வெளிச்சத்தை முன்னால் ஏந்தி நடக்கும் ஒரு சடங்கு அந்த ஆண்டில் இம்மக்களுக்கு எத்தனை பொருளுடையதாக இருந்திருக்கும் என்பதை எண்ணாமல் அந்தப் பாட்டைக் கேட்க என்னால் முடியவில்லை. மெட்டோ இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்திலிருந்து வந்தது.

மாலையில் கிறிஸ்டியான்ஸ்ஹாவ்ன் கால்வாய்க்குப் போனோம். அங்கே லூசியா ஊர்வலம் தண்ணீரில் நடக்கிறது. கயாக் எனப்படும் ஒடுங்கிய துடுப்புப் படகுகளில் விளக்குச் சரங்களைச் சுற்றி, துடுப்புப் போடுபவர்களும் உடலில் விளக்கு அணிந்து, அதே பாட்டைப் பாடிக்கொண்டு பாலங்களுக்கு அடியில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தார்கள். நுழைவுச்சீட்டு கிடையாது, இருக்கை கிடையாது. முதியவர்கள் மடக்கு நாற்காலியோடும் சூடான பானக் குடுவையோடும் வந்து கரையில் இடம் பிடித்திருந்தார்கள். பேரன் படகுகளை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டு அவனும் பாட ஆரம்பித்தான்.

15 டிசம்பர், ஞாயிற்றுக்கிழமை

கிறிஸ்டியானியாவில் உள்ள சாம்பல்நிறக் கூடத்தில் நடக்கும் சந்தையில் இன்று வெகுநேரம் இருந்தோம். நான் தேடி வந்த சந்தை இதுவே என்று உள்ளே நுழைந்த சற்று நேரத்தில் தெரிந்துவிட்டது.

இராணுவம் கைவிட்டுப்போன பாசறை நிலத்தில் 1971 இல் இளைஞர்கள் குடியேறி, தங்களுக்கென்று தனி ஒழுங்கை ஏற்படுத்திக்கொண்ட இடம் கிறிஸ்டியானியா. போதைப்பொருள் விற்பனையால் கெட்ட பெயரும் பெற்றது. அந்த விற்பனைக்கு முடிவு கட்டுவதற்காகக் குடியிருப்பவர்களே இவ்வாண்டு ஏப்ரலில் அந்தத் தெருவின் கற்களைப் பெயர்த்தெடுத்தார்கள். சந்தை நடக்கும் கூடம் முன்பு படைவீரர்கள் குதிரையேற்றம் பழகுவதற்காகக் கட்டப்பட்டது. உயர்ந்த மரக்கூரையின் கீழ் மேசைகள் நெருக்கமாகப் போடப்பட்டிருந்தன. மட்பாண்டம், தோல்பை, கம்பளியைச் சோப்புநீரில் தேய்த்து இறுக்கிச் செய்த பொம்மைகள், வெள்ளி நகை என்று எந்த மேசையிலும், என் கண்ணில் பட்டவரை, செய்தவரே விற்றுக்கொண்டிருந்தார்.

என் கேள்வியை இங்கே கேட்டபோது பதில்கள் நின்றபாடில்லை. மெழுகுவர்த்தி விற்ற பெரியவர், திரியை உருகிய மெழுகில் தோய்த்து எடுத்து, ஆறவிட்டு, மறுபடி தோய்த்து, ஒவ்வொரு முறையும் ஒரு மெல்லிய படலமாக மெழுகு ஏறுவதைக் கையாலேயே நடித்துக் காட்டினார். ஒன்றை முறித்து, மரத்தின் ஆண்டு வளையங்களைப்போல் அடுக்கடுக்காகத் தெரிந்த உட்புறத்தை என் மகளிடம் நீட்டினார். இந்த நாட்டில் டிசம்பர் முழுதும் வீட்டுக்கு வீடு மெழுகுவர்த்தி எரிகிறது. 1 முதல் 24 வரை எண் பொறித்த ஒன்றை நாளுக்கு ஓர் எண் அளவு எரிய விடுவதும் வழக்கம். எங்கள் வீட்டு வர்த்தி இரவுச் சாப்பாட்டுப் பேச்சில் மறந்துபோய் 17 வரை உருகிவிட்டது.

பக்கத்து மேசையில் ஓர் அம்மையார் காகித இதயங்களைப் பின்னிக்கொண்டிருந்தார். சிவப்புத் தாள் ஒன்று, வெள்ளைத் தாள் ஒன்று. இரண்டையும் மடித்து, கீற்றுகளாக வெட்டி, ஒரு கீற்றை மற்றொன்றின் உள்ளே நுழைத்து, அடுத்ததை வெளியே விட்டு மாறி மாறிப் பின்னினால், திறந்து உள்ளே தின்பண்டம் போடக்கூடிய சிறு பையாக அந்த இதயம் உருவாகிறது. அதைக் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடுகிறார்கள். இன்று எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையதாக அறியப்படுவது ஆண்டர்சன் 1860 இல் பின்னியது; தாள்வெட்டுக் கலையில் அவர் கைதேர்ந்தவர். அம்மையார் பேரனைத் தம் அருகில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தார். மூன்றாவது கீற்றில் அவன் பொறுமை இழந்தபோது அவர் வாங்கி முடித்துக் கொடுத்துவிடவில்லை. இழுக்காமல் நுழைக்க வேண்டும் என்பதை அவன் விரல்களைப் பிடித்துக் காட்டிக் காத்திருந்தார். அவரிடம் ஆறு இதயங்கள் வாங்கினேன். அங்கே கொடுத்த பணத்தை நினைக்க நினைக்க எனக்கு நிறைவாக இருக்கிறது.

18 டிசம்பர், புதன்கிழமை

டிவோலி. 1843 ஆகஸ்ட் 15 அன்று திறந்த கேளிக்கைப் பூங்கா. நகரின் பழைய கோட்டை அரண் இருந்த நிலத்தில் அமைந்தது. உள்ளே உள்ள ஏரி அன்றைய அகழியின் எச்சம். முன்பெல்லாம் குளிர்காலத்தில் மூடியே கிடந்த இடத்தைக் கிறிஸ்துமஸுக்குத் திறக்கத் தொடங்கியது 1994 இல்தான் என்று அறிந்தபோது வியப்பாக இருந்தது, ஏனென்றால் இந்த நகரத்தவர் டிவோலி இல்லாத டிசம்பரை எண்ணிப் பார்க்கக்கூட முடியாதவர்கள்போல் பேசுகிறார்கள்.

இருட்டிய பிறகுதான் போக வேண்டும். இலையுதிர்ந்த மரங்களின் ஒவ்வொரு கிளையிலும் விளக்கு ஏற்றி, ஏரிநீரில் அதன் பிரதிபலிப்பு விழும்படி அமைத்திருக்கிறார்கள். ஒளி கண்ணைக் கூசாமல் இதமாக இருப்பதற்கு மிகுந்த கவனம் எடுத்திருக்கிறார்கள் என்பது தெரிகிறது. 1914 முதல் ஓடும் மர உருளூர்தியில் (ரோலர் கோஸ்டர்) ஒவ்வொரு வண்டித் தொடரிலும் ஒரு தடைக்காரர் ஏறி அமர்ந்து, சரிவுகளில் கையாலேயே வேகத்தை அடக்குகிறார். பேரனும் மாப்பிள்ளையும் ஏறினார்கள். நான் கீழே நின்று அந்தத் தடைக்காரரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். குடில்களில் சிவப்புத் தொப்பி அணிந்த நிஸ்ஸே பொம்மைகள் நிறைய. பண்ணை வீட்டைக் காக்கும் அந்தக் குள்ளருக்குக் கிறிஸ்துமஸ் இரவில் ஒரு கிண்ணம் அரிசிக்கஞ்சி வைக்க வேண்டும் என்பது நாட்டுப்புற நம்பிக்கை. கைவினைக்காக இங்கே வர வேண்டியதில்லை. ஆனால் இத்தனை நீண்ட இரவுகள் உள்ள ஊரில், ஒளியை ஒரு கலையாகவே பயின்றவர்களின் வேலையை ஒருமுறையாவது காண வேண்டும்.

21 டிசம்பர், சனிக்கிழமை

ஆண்டின் மிகக் குறுகிய பகல். காலையில் கிறிஸ்டியான்ஸ்ஹாவ்னில் ஆசியாட்டிஸ்க் பிளாட்ஸ் என்ற இடத்துக்குப் போனோம். 1732 இல் தொடங்கிய டேனிஷ் ஆசியக் கம்பெனியின் தலைமையகம் இருந்த துறைமுகக் கரை இது. இன்று வெளியுறவு அமைச்சகம் இருக்கிறது. அதற்கும் முன்னால், 1616 இல் நிறுவப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஓவ கெட்ட என்ற கடற்படைத் தலைவர் கப்பலேறி வந்து, 1620 இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியைப் பெற்றார். நாயக்கர் டேனிஷ் மன்னருக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய மடல் இந்த நகரத்து அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1845 இல் ஆங்கிலேயரிடம் விற்கும்வரை தரங்கம்பாடி இவர்கள் கையில் இருந்தது. டேனியர்கள் முதன்மையாகத் தேடி வந்தது மிளகு.

இரண்டு வாரமாகச் சந்தைகளில் என் மூக்கு உணர்ந்துகொண்டிருந்தது இதைத்தான். க்ளொக் என்னும் சூடான பானத்தில் பட்டை, கிராம்பு, ஏலக்காய். அதில் பாதாமும் உலர்திராட்சையும் மிதக்கும், பிள்ளைகளுக்கு மது சேராத பழச்சாற்றில் தருகிறார்கள். பெபர்நோடர் என்ற சிறு உருண்டை பிஸ்கட்டுகளில் வெள்ளை மிளகு. முறுக்கிப் பொரிக்கும் கிளெய்னரில் ஏலக்காயும் எலுமிச்சைத் தோலும். இவற்றில் ஒரு மணப்பொருள்கூட இந்த மண்ணில் விளைவதில்லை. கப்பலில் வந்து, வசதியுள்ளவர் பண்டிகைக்கு மட்டும் வாங்கக்கூடிய அரிய சரக்காக இருந்தவை, இன்று எந்த வீட்டு அடுப்பிலும் டிசம்பரின் வாசனையாக நிலைத்துவிட்டன. இந்த வணிகத்தின் மறுபக்கத்தில் கோட்டையும் அடிமை விற்பனையும் இருந்தன என்பதையும் நான் மறக்கவில்லை. இவர்களும் மறக்கக் கூடாது.

மதியம் ஒரு பழம்பொருள் மேசையில் நீலமும் வெள்ளையுமான கிறிஸ்துமஸ் தட்டுகள் குவிந்திருந்தன. பிங் அண்ட் குரோண்டால் பீங்கான் ஆலை 1895 இல் தொடங்கிய வழக்கம் இது: ஆண்டுக்கு ஒரு சித்திரம், அவ்வாண்டோடு அச்சை உடைத்துவிடுவார்கள். மகள் பிறந்த ஆண்டுத் தட்டைத் தேடி வாங்கினேன். அருகிலேயே, அஞ்சல்தலைபோன்ற கிறிஸ்துமஸ் முத்திரை ஒட்டிய பழைய அட்டைகள். காசநோய்ப் பிள்ளைகளுக்கு நிதி சேர்க்க ஐனர் ஹொல்பொல் என்ற அஞ்சல் ஊழியர் எண்ணி, 1904 இல் முதன்முதலில் நடைமுறைக்கு வந்த திட்டம் அது; பிறகு உலகெங்கும் பரவியது. அந்த வருமானத்தில் எழுந்த பிள்ளைகள் இல்லங்கள் இன்றும் நடக்கின்றன. இவ்வாண்டு முத்திரைத் தாள் ஒன்றைத் தனியே வாங்கி, ஊருக்கு அனுப்ப வேண்டிய உறைகளிலெல்லாம் ஒட்டினேன்.

புரூன்கேயர் என்ற மெல்லிய பழுப்பு பிஸ்கட்டுக்கான மாவைச் சாயங்காலமே பிசைந்தாயிற்று. கடையில் விற்கும் ஏலப்பொடி வேண்டாம் என்று முழுக் காய்களை வாங்கிவந்து நானே உரலில் இடித்தேன். மாவு இரவெல்லாம் குளிரில் இறுகிய பிறகு, கத்திக்கு வளையாமல் கண்ணாடித் தாள்போல் சீவ வேண்டும் என்கிறார் மாப்பிள்ளை; அந்தப் பொறுப்பை அவரே ஏற்றுக்கொண்டிருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு முன்வரும் நான்கு ஞாயிறுகளில் கடைசி ஞாயிறு நாளை. ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றிவந்த வளையத்தின் கடைசி மெழுகுவர்த்தியை ஏற்ற விருந்தினர் வருமுன் எல்லாத் தட்டுகளையும் சுட்டு இறக்கிவிட வேண்டும்.