கரண்ட் வைக்கும் முன் எடுக்கும் சி.டி.

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை என்று முடிவானதும் (நம் ஊர்ப் பேச்சில் ‘கரண்ட் வைப்பது’) மறுபடியும் ஒரு சி.டி. எடுக்கச் சொல்வார்கள். “போன வாரம்தானே எடுத்தோம், அது போதாதா?” என்று வீட்டார் கேட்பது நியாயமான கேள்வி. போதாது. போன வாரம் எடுத்தது நோயைத் தேடிய படம். இப்போது எடுக்கப்போவது ‘சிமுலேஷன் சி.டி.’, அதாவது கரண்ட் வைப்பதற்காக உடம்பை அளவெடுக்கும் படம். அன்று நீங்கள் படுத்த விதம், விட்ட மூச்சு, சிறுநீர்ப்பையில் இருந்த நீர் எல்லாம் கணக்கில் ஏறிவிடும். அந்தக் கணக்கை வைத்துத்தான் 25 நாளோ 30 நாளோ கரண்ட் வைப்பார்கள்.

அதனால் இந்த ஒரு நாளில் நேரும் தவறு மற்ற நாள் தவறுகளைப் போன்றதல்ல. சிகிச்சைக்கு வரும்போது ஒரு நாள் இந்தப் பக்கம், மறுநாள் அந்தப் பக்கம் என்று விலகினால் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். சிமுலேஷனில் விழுந்த விலகலோ தினமும் ஒரே பக்கமாகத் திரும்ப வரும். நெதர்லாந்தின் மார்செல் வான் ஹெர்க் குழு 2000-இல் கொடுத்த சூத்திரம் இதை எண்ணாகவே சொல்கிறது: கட்டியைச் சுற்றி விடவேண்டிய ஓரம், நிலையான பிழையின் 2.5 மடங்கும் அன்றாடப் பிழையின் 0.7 மடங்கும் சேர்ந்தது. இரண்டு பிழையும் 3 மி.மீ. என்றால் ஓரம் 9.6 மி.மீ. அதில் 7.5 மி.மீ. நிலையான பிழைக்காக மட்டும். ஓரம் கூடக்கூட நல்ல திசுவும் சேர்ந்து கதிரை வாங்குகிறது.

சி.டி.யின் கணிதத்துக்கு வித்திட்டதும் இந்தக் கரண்ட் கணக்குதான். 1956-இல் கேப் டவுனின் க்ரூட்டே ஸ்கூர் மருத்துவமனையில் இயற்பியலாளராக வேலை பார்த்த ஆலன் கார்மாக், உடம்பு முழுக்க ஒரே அடர்த்தி என்று வைத்துக்கொண்டு கதிரின் அளவைக் கணக்கிடுவதைக் கண்டார். நுரையீரலும் எலும்பும் கதிரை ஒரே மாதிரியா உறிஞ்சும்? உள்ளே எங்கே எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதை வெளியிலிருந்தே அளக்கும் கணிதத்தை 1963-இலும் 1964-இலும் வெளியிட்டார். 1979-இல், சி.டி. கருவியை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இன்றைக்கும் வேலை அதேதான். தண்ணீர் 0, காற்று -1000 என்ற ஹவுன்ஸ்ஃபீல்ட் எண்களை மென்பொருள் எலக்ட்ரான் அடர்த்தியாக மாற்றிக் கணக்கிடுகிறது. அந்த மாற்று அட்டவணையை 120 கிலோவோல்ட்டில் தயாரித்துவிட்டு 100-இல் படம் எடுத்தால் எலும்பின் எண் உயர்ந்துவிடும், கணக்கு பிசகும். ஸ்கேனில் உடம்பு வாங்கும் கதிரின் அளவைக் குறைக்கும் நல்ல எண்ணத்தில் வோல்ட்டைத் தானாகக் குறைக்கும் வசதி சில ஸ்கேனர்களில் உண்டு. சிமுலேஷனுக்கு அதை அணைத்து வைப்பதே சரி.

மேசையும் வேறு. சாதாரண சி.டி. மேசை குழிவாக இருக்கும், இது தட்டை, ஏனென்றால் கரண்ட் வைக்கும் மேசை தட்டை. தலை, கழுத்து நோயாளிக்குத் தலை அசையாமலிருக்க முகத்தின் மேல் அச்சு செய்வார்கள். பிளாஸ்டிக் தகட்டை ஏறக்குறைய 70 டிகிரி வெந்நீரில் போட்டு, அது துவண்டதும் முகத்தில் விரித்து, மூக்குத்தண்டிலும் தாடையிலும் நெற்றியிலும் அழுத்திவிட வேண்டும். நன்றாக ஆறும்வரை எடுக்கக் கூடாது. அவசரப்பட்டு எடுத்தால் தகடு சுருங்கி, மறுநாள் முகத்தில் ஏறாது. தாடியை அச்சுக்கு முன்பே மழித்துவிடுங்கள். பின்னந்தலையில் கொண்டை, ஹேர்பின் வேண்டாம். வேண்டுதல் மொட்டை இருந்தால் அச்சுக்கு முன்னால், அல்லது சிகிச்சை முழுக்க முடிந்த பின்னால். நடுவில் அடித்தால் அச்சு தொளதொளவென்று ஆகிவிடும். வாய்ப்புண்ணால் சாப்பிட முடியாமல் எடை குறைந்தாலும் இதேதான் நடக்கும். அப்போது புதிதாக அச்சும் சி.டி.யும் எடுக்கச் சொன்னால் தயவுசெய்து மறுக்காதீர்கள்.

அதிகம் பிசகுவது இடுப்புப் பகுதியில். வயிற்றுக்கு வெளியே எதைக் கட்டிப் பிடித்தாலும் உள்ளே சிறுநீர்ப்பையும் மலக்குடலும் தம் போக்கில் நிரம்பும், காலியாகும். வழக்கமாக, சிறுநீர் கழித்துவிட்டு 500 மி.லி. போலத் தண்ணீர் குடித்து, முக்கால் மணி நேரம் காத்திருக்கச் சொல்வார்கள். அளவும் நேரமும் மையத்துக்கு மையம் மாறும். காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வந்தவருக்கு அந்த நேரத்தில் நிரம்பாது. இன்னொரு பக்கம், சிமுலேஷன் நாளில் முடிந்த மட்டும் அடக்கிக்கொண்டு படுப்பவர்களும் உண்டு. அது நல்லதல்ல. மூன்றாவது வாரத்தில் சிறுநீர்ப்பை எரிச்சல் கண்ட பிறகு அவ்வளவு பிடிக்க முடியாது. தினமும் வசதியாகப் பிடிக்கக்கூடிய அளவே சரியான அளவு. கர்ப்பப்பை வாய் நோயில் சிறுநீர்ப்பை நிரம்பும்போது கர்ப்பப்பையே சென்டிமீட்டர் கணக்கில் நகரும். அதனால் நிரம்பிய நிலையிலும் காலி நிலையிலும் இரண்டு படம் எடுப்பது சிறந்தது.

மலக்குடல் உப்பியிருந்தால் புராஸ்டேட் முன்னால் தள்ளப்படும். சிமுலேஷனில் மலக்குடல் விரிந்திருந்தவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்று அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மருத்துவமனையிலிருந்து 2005-இல் வந்த ஆய்வு காட்டியது. தினமும் படம் பார்த்துக் கரண்ட் வைக்கும் வசதி அந்த நோயாளிகளுக்கு இல்லை. உள்ளே வாயு தெரிந்தால் நோயாளியை எழுப்பிக் கழிப்பறைக்கு அனுப்பிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். அரை மணி நேரம் போனால் போகட்டும்.

நுரையீரல் கட்டி மூச்சோடு மேலும் கீழும் போகும். நான்கு பரிமாண சி.டி.யில் மூச்சின் சுழற்சியை வழக்கமாகப் பத்துக் கட்டமாகப் பிரித்துப் படமாக்குவார்கள். மூச்சு ஒழுங்கில்லாமல் போனால் கட்டி படிப்படியாக வெட்டியது போலத் தெரியும். மூச்சு மெதுவாகவும் மேசை வேகமாகவும் போனால் நடுவில் படமே விடுபடும். எல்லாக் கட்டங்களிலும் அதிகமான எண்ணை எடுத்துச் சேர்க்கும் ஒற்றைப் படத்தை மட்டும் நம்பிக் கட்டியின் எல்லையை வரைவதில் ஓர் ஆபத்து உண்டு: உதரவிதானத்தை ஒட்டிய கட்டி, அதே அடர்த்தியுள்ள ஈரலோடு கலந்து மறைந்துவிடும். அங்கே பத்துக் கட்டங்களையும் தனித்தனியே பார்த்துத்தான் ஆக வேண்டும்.

மூளைக் கட்டிக்கு எம்.ஆர்.ஐ. படத்தைச் சி.டி. படத்தின் மேல் பொருத்துவார்கள். மண்டையோடு வளையாது என்பதால் நன்றாகவே பொருந்தும். கழுத்தில் அப்படியில்லை. முகவாய் நிமிர்ந்து ஒரு படம், குனிந்து ஒரு படம் என்றால் தாடையைப் பொருத்தும்போது கழுத்தெலும்பு விலகும், இதைச் சரிசெய்தால் அது விலகும்.

உறுப்புகளின் எல்லையை வரையும் செயற்கை நுண்ணறிவு இப்போது பல மணி நேர வேலையைச் சில நிமிடத்தில் முடிக்கிறது. வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் உறுப்பு தொடங்கும், முடியும் தளங்களிலும், அறுவை சிகிச்சையால் அமைப்பு மாறிய இடங்களிலும் அது தடுமாறும். அங்கே மருத்துவர் கண் வைத்தே தீர வேண்டும். எலெக்டா நிறுவனத்தின் யூனிட்டி போன்ற கருவியில் 1.5 டெஸ்லா காந்த வலிமையுள்ள எம்.ஆர்.ஐ. கரண்ட் கருவியோடே இருப்பதால், அன்றன்றைய உடம்புக்குத் திட்டத்தைத் திருத்தலாம். அந்தத் திருத்தத்துக்கு நேரம் பிடிக்கும், அதற்குள் சிறுநீர்ப்பை இன்னும் கொஞ்சம் நிரம்பிவிடும். அதனால் கதிரைத் திறப்பதற்கு முன் இன்னொரு படம் எடுத்துச் சரிபார்க்கிறார்கள்.