நடுவிலிருந்து வாசித்த உளவுக்கதை

1996 ஆம் ஆண்டில், போரால் யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து தென்மராட்சியில் சில மாதங்கள் இருந்துவிட்டு வன்னிக்கு வந்த ஒரு குடும்பம், மல்லாவியில் எங்கள் வளவின் மூலையில் கொட்டில் போட்டுத் தங்கியது. அவர்கள் கொண்டுவந்த இரண்டு உரப்பைகளில் ஒன்றினுள், உடுப்புகளுக்கு நடுவே ஒரு தடித்த புத்தகம் இருந்தது. தமிழ்நாட்டு வார இதழொன்றில் வெளிவந்த உளவுத் தொடர்கதையை வாராவாரம் கழற்றியெடுத்துச் சேர்த்து, அட்டை வைத்து, சாக்கூசியால் தைத்துக் கட்டிய புத்தகம் அது. ஒவ்வொரு அத்தியாயத்தின் அடியிலும் ‘தொடரும்’ என்ற சொல் அப்படியே இருந்தது.

அந்தக் குடும்பம் நான்கு நாளில் புதுக்குடியிருப்புக்குப் போவதாக இருந்தது. வாசிக்க ஆசைப்பட்டவர்களோ மூன்று பேர்: அந்த வீட்டு அக்கா, என் அண்ணா, நான். அக்கா சற்றும் யோசிக்காமல் அரிவாளின் நுனியால் நூலை அறுத்துப் புத்தகத்தை மூன்றாகப் பிரித்தார். “தைச்சதைத் திரும்பவும் தைக்கலாம் தம்பி, வாசிச்சுப்போட்டுத் தா” என்று சொல்லி என் கையில் தந்தது நடுப்பகுதியை.

ஆகவே என் வாழ்வில் நான் வாசித்த முதலாவது உளவு நாவலை ஒன்பதாம் அத்தியாயத்திலிருந்து தொடங்கினேன். ஒருவன் புகையிரத நிலையத்தில் நிற்கிறான். அவனுடைய சப்பாத்தின் குதியில் ஒரு படச்சுருள் மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. பரிசோதகர் மேடையின் அந்தக் கரையிலிருந்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வருகிறார். அவன் எந்த நாட்டுக்காரன், நல்லவனா கெட்டவனா, அந்தச் சுருளில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் அக்காவின் கையிலிருந்த முதற்பகுதியில் இருந்தன. ஒன்றுமே தெரியாமல் நான் அவனுக்காகப் பயந்தேன். குதியில் ஓர் ஆணி சற்று வெளியே தள்ளிக்கொண்டிருப்பதை அவன் உணர்ந்து, காலை மாற்றி வைக்காமல் நிற்பதற்குப் படும் பாட்டை வாசித்தபோது, விளக்குக்கு முன்னால் இருந்த என் காலும் அசையவில்லை.

இத்தகைய நாவல்களின் கவர்ச்சி ‘அடுத்து என்ன நடக்கும்’ என்ற ஆவலில் இருக்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். நடுவிலிருந்து வாசித்தவன் என்ற வகையில் நான் அதை முழுமையாக ஏற்பதில்லை. என்னைப் பிடித்து வைத்தது ‘எப்படிச் செய்கிறான்’ என்பதுதான்.

அதற்கு நான் வளர்ந்த ஊரும் ஒரு காரணம் என்று நம்புகிறேன். பொருளாதாரத் தடை இருந்த அந்த ஆண்டுகளில் வன்னியில் எந்தச் சிறு காரியத்துக்கும் ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பற்றரி கிடையாது என்பதால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு மோட்டார் சைக்கிளை இயங்க வைத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் ஊற்றி எரித்த விளக்கில்தான் நான் அந்த நடுப்பகுதி முழுவதையும் வாசித்தேன். ஒரு திருகாணியை எங்கே பூட்டுவது, ஒரு கடதாசியை எங்கே ஒளிப்பது என்று பத்துப் பக்கம் விவரிக்கும் எழுத்தாளர் எங்களுக்குச் சலிப்பூட்டவே இல்லை. அவர் எங்கள் மொழியையே பேசினார். இதே காலத்தில் சிவகாசியிலிருந்து 1972 முதல் வெளிவந்த முத்து காமிக்ஸின் பழைய பிரதிகளும் கைமாறி வந்தன. அவற்றின் இரும்புக்கை மாயாவி உடலில் மின்சாரம் பாய்ந்தால் மட்டுமே மறைவான், அப்போதும் இரும்புக்கை மட்டும் தெரியும். மின்சாரமே இல்லாத எங்கள் ஊருக்கு வந்தால் அவன் எப்படி மறைவான் என்ற கேள்வி அந்த வயதில் என்னை உண்மையாகவே வருத்தியது.

2002 இல், போரால் மூடிக்கிடந்த ஏ-9 பாதை திறந்த பிறகு, பழைய புத்தகக் கடையொன்றில் பிரெடெரிக் ஃபோர்சித்தின் ‘தி டே ஒஃப் த ஜக்கல்’ கிடைத்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு மாதத்தில் வாசித்து முடித்தேன். 1971 இல் வெளிவந்த அந்த நாவல், என் சிறுவயது எண்ணத்துக்கு மிகப் பெரிய சான்று. பிரெஞ்சு ஜனாதிபதி சார்ள்ஸ் டி கோலைக் கொல்ல ஒரு கூலிக்கொலையாளி அமர்த்தப்படுவதுதான் கதை. டி கோல் மீது 1962 ஓகஸ்ட் 22 ஆம் திகதி பாரிஸின் புறநகரில் உண்மையிலேயே துப்பாக்கித் தாக்குதல் நடந்தது, அவர் தப்பினார்; 1970 நவம்பரில் தம் வீட்டிலேயே இயற்கையாக இறந்தார். ஆகவே கொலையாளி தோற்பான் என்பது முதற்பக்கத்தைத் திறக்குமுன்பே வாசகருக்குத் தெரியும். முடிவு தெரிந்த கதையை நானூறு பக்கத்துக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசிக்க வைத்ததுதான் அந்த எழுத்தாளரின் திறமை. கொலையாளி தேவாலய மயானங்களில் சுற்றி, சிறுவயதில் இறந்துபோன ஒரு குழந்தையின் பெயரைக் கல்லறையில் தேடிப் பிடித்து, அந்தப் பெயரில் பிறப்புச் சான்றிதழ் எடுத்து, அதைக் கொண்டே உண்மையான கடவுச்சீட்டைப் பெறுகிறான். ஊன்றுகோலின் குழாய்க்குள் கழற்றி வைக்கத்தக்க துப்பாக்கியைச் செய்விக்கிறான். காட்டில் ஒரு பழத்தைத் தொங்கவிட்டுச் சுட்டுப் பார்த்து, குறிகாட்டியின் திருகாணியைச் சிறிது சிறிதாகத் திருப்பிச் சரிசெய்கிறான். இவற்றையெல்லாம் வாசிக்கும்போது, அவன் செய்யப்போவது கொடிய செயல் என்று மனம் சொன்னாலும், அந்த வேலை பிசகக்கூடாதே என்று கை பதறுகிறது. இந்தப் பதற்றம் எனக்கு இன்றுவரை வியப்பாகவே இருக்கிறது.

எல்லையைக் கடக்கும் அத்தியாயங்கள்தான் எனக்கு எப்போதும் முதலிடம். கிழக்கு பெர்லினையும் மேற்கு பெர்லினையும் பிரித்த மதில் 1961 இல் எழுந்தது; அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின் ஜோன் லெ காரே தம் மூன்றாவது நாவலை வெளியிட்டார். அவர் அப்போது பிரித்தானிய வெளிநாட்டு உளவுத்துறையில் பணியாற்றிக்கொண்டிருந்தவர். கிழக்கிலிருந்து வரவேண்டிய ஒருவனுக்காக மேற்குப் பக்கத்துச் சாவடியில் காத்திருப்பதோடு அந்த நாவல் தொடங்குகிறது. வருபவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிறான். கடதாசிகளைப் பார்க்கிறார்கள், விடுகிறார்கள். சோதனைகளைக் கடந்து, தப்பிவிட்டோம் என்ற நினைப்பில் சைக்கிளில் ஏறி மிதிக்கத் தொடங்குகிறான். அப்போதுதான் வெளிச்சம் பாய்ந்து துப்பாக்கி வெடிக்கிறது.

அந்தப் பக்கத்தை வாசித்த இரவு நான் என் அப்பாவை நினைத்தேன். வன்னியிலிருந்து வவுனியாவுக்குப் போய்வர, போவதற்கொரு பாஸ் (அனுமதிச்சீட்டு), தங்குவதற்கொரு பாஸ் என்று இருந்த காலத்தில், எந்தச் சோதனைச்சாவடியிலும் அப்பா வெகுதூரத்திலேயே இறங்கிச் சைக்கிளை உருட்டத் தொடங்கிவிடுவார். சாவடியைக் கடந்த பிறகும் உடனே ஏறமாட்டார். அடுத்த வளைவு வரைக்கும், சில நேரம் அதற்கப்பாலும், ஒரு கையால் கைபிடியையும் மறு கையால் பொக்கற்றில் இருந்த பாஸையும் பிடித்தபடி நடப்பார். பின்னால் கரியரில் ஏறக் காத்திருந்த எனக்கு அது வீணான நடையாகத் தெரிந்தது. இங்கிலாந்துக்காரர் ஒருவர் ஜேர்மனியைப் பற்றி எழுதிய இரண்டு பக்கம்தான் அதன் காரணத்தை எனக்கு விளக்கியது.

துப்பாக்கிச் சண்டைப் பக்கங்களைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. நான் அவற்றை வேகமாகத் தாண்டிவிடுவேன். இருபது பேர் சுட, நாயகன் கீறல் இல்லாமல் எழுந்து நடக்கும் நாவல்களை, வெடிச்சத்தம் எவ்வளவு தூரத்தில் கேட்கிறது என்று காதால் அளந்து பழகிய எங்களால் நம்ப முடிவதில்லை. ஆனால் அதிரடிக்குப் பெயர்போன ஜேம்ஸ் பொண்டின் முதல் நாவலில்கூட, 1953 இல் வந்ததில், நெஞ்சைப் பிடிக்கும் நீண்ட பகுதி ஒரு சீட்டாட்ட மேசையைச் சுற்றியே நடக்கிறது. தன் அறையை யாரேனும் சோதித்தார்களா என்றறிய இழுப்பறையில் அவன் தலைமயிர் ஒன்றைச் செருகி வைத்துவிட்டுப் போவதும், திரும்பி வந்து அது அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பதும் எந்த வெடிகுண்டையும் விட எனக்கு நெருக்கமானவை. போர்க்காலத்தில் கடற்படை உளவுப்பிரிவில் இருந்த இயன் ஃபிளெமிங் அறிந்து எழுதிய இடம் அது என்று எனக்குப் படுகிறது.

2009 இல் போர் முடிந்த பின் சில ஆண்டுகள் இந்த வகைப் புத்தகம் எதையும் என்னால் திறக்க முடியவில்லை. மீண்டும் தொடங்கியபோது சண்டையிலிருந்து தொடங்கவில்லை. ஒருவன் புகையிரதத்தில் ஏறிக் கடதாசியை நீட்டும் ஓர் அத்தியாயத்திலிருந்து, மறுபடியும் நடுவிலிருந்துதான் தொடங்கினேன்.

சென்ற மாதம் அண்ணாவின் மகன் என் அலுமாரியிலிருந்து ஜக்கலை எடுத்துப் போனான். டி கோல் எப்படி இறந்தார் என்று முதல்நாளே கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்துவிட்டான். வாசிப்பதை விட்டுவிடுவான் என்று நினைத்தேன். மறுநாள் இரவு பதினொரு மணிக்கு அவனுடைய அறையில் வெளிச்சம் தெரியவே எட்டிப் பார்த்தேன்; கல்லறையில் பெயர் தேடும் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

“சித்தப்பா, உண்மையாவே இப்பிடி ஒரு பாஸ்போட் எடுத்திருக்கேலுமோ?”

எடுத்திருக்கலாம், அந்த ஓட்டை அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் உண்மையாகவே இருந்தது என்றேன். “எப்பிடி அதைப் பிடிக்காமல் விட்டவங்கள்?” என்று கேட்டான். பிறப்புப் பதிவு ஒரு புத்தகத்திலும் இறப்புப் பதிவு வேறொரு புத்தகத்திலும் இருந்ததை, இரண்டையும் யாரும் ஒப்பிட்டுப் பார்க்காததை, கட்டில் நுனியில் இருந்து அவனுக்கு விளக்கத் தொடங்கினேன்.