நக்கித் தடித்த முன்கால்: கொட்டகலை நாட்குறிப்பு

2024 ஜூன் 3, திங்கள்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டமொன்றின் நாய். லாப்ரடோர் கலப்பு, ஆண், 5 வயது, 22 கிலோ. இடது முன்கால், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, முன்பக்கம். முட்டை வடிவப் புண், 28 மில்லிமீற்றர் நீளம், 20 அகலம். மயிர் சுத்தமாகப் போய்விட்டது. தோல் ரப்பர் செருப்பின் அடி மாதிரித் தடித்து மேடேறியிருக்கிறது. நடுவில் ஈரச் சிவப்பு, ஓரத்தில் கருமை. சுற்றியுள்ள வெளிறிய மயிர் செம்பழுப்பாகிக் கிடக்கிறது. பார்ப்பவர்கள் இரத்தக் கறை என்பார்கள். அது எச்சிலில் உள்ள போர்பிரின் என்ற நிறமி ஏற்றிய சாயம். எந்த நாயின் காலிலும் இந்த நிறம் தெரிந்தால், ஆள் இல்லாத நேரம் அங்கே நக்கு நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

விரலால் இரு பக்கமும் மெல்ல அமுக்கியபோது மூன்று இடத்தில் குண்டூசித் தலை அளவுக்கு இரத்தம் கலந்த சீழ் வந்தது. அடியில் தொற்று இருக்கிறது. நக்கி நக்கியே தடிக்கும் இந்தப் புண்ணை வைத்தியர்கள் லிக் கிரானுலோமா என்பார்கள். வீட்டுக்காரர்கள் “சும்மா பழக்கந்தான்” என்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு இன்னும் முறை வரவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

நிறுத்துவதற்கு முன் எழுத வேண்டும். அப்பியாசக் கொப்பியில் நாலு பத்தி: நேரம், இடம், அதற்குச் சற்று முன் நடந்தது, எத்தனை நிமிடம். ஆள் இல்லாத நேரத்துக்கு போனை வீடியோவில் போட்டு அலுமாரித் தட்டில் சாய்த்துவிட்டால் போதும்.

இன்றைய கணக்கு: காலை 7.25, எல்லோரும் தேயிலை மலைக்கு வேலைக்குப் போனதும், 35 நிமிடம். 11.10, சங்கிலியில், 20 நிமிடம். பின்னேரம் ஆட்கள் திரும்பிய பிறகு ஒன்றுமில்லை. இரவு 9.40, லைட் அணைத்ததும், 50 நிமிடம்.

ஆள் பார்க்கும்போது மட்டும் நக்குகிற நாய் கவனம் கேட்கிறது. இது அப்படியில்லை. தனித்து விடப்பட்டதும் தொடங்குவது ஏக்கத்துக்கோ சலிப்புக்கோ பொருந்தும். இரவு படுத்ததும் தொடங்குவது அரிப்புக்கும் மூட்டு வலிக்கும் கூடப் பொருந்தும். ஆக ஒரே காரணம் தேடக்கூடாது. கூப்பிட்டால் நிறுத்தி வருகிறது, பிஸ்கட் காட்டினால் மறந்துவிடுகிறது, நல்ல அறிகுறி. சாப்பாட்டையும் விட்டுவிட்டு நக்கப் போகிற நாய்தான் பாடு.

“ஏய்!” என்று கத்துவது வேலைக்கு ஆகாது. பயந்த நாய் பயத்தை ஆற்ற இன்னும் நக்கும். பயப்படாத நாய்க்கு அதுவே நாம் பேசிய பேச்சு.

ஜூன் 5, புதன்

தென்மேல் பருவ மழை. நிலம் காயவே இல்லை.

முதலில் தெள்ளு, அதாவது மயிருக்குள் ஓடி இரத்தம் குடிக்கும் தெள்ளுப்பூச்சி. வால் அடியில் சீப்பால் வாரி, விழுந்த கறுப்புத் துகளை நனைத்த வெள்ளைத் தாளில் போட வேண்டும். மண் என்றால் கறுப்பாகவே இருக்கும். தெள்ளின் எச்சம் என்றால் சுற்றிச் செம்பழுப்பு வளையம் பரவும், ஏனென்றால் அது சீரணமான இரத்தம். இன்று ஐந்து துகளில் மூன்று வளையம் விட்டன. தெள்ளு ஒவ்வாமை உள்ள நாய்க்கு நாலைந்து கடியே போதும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் படுக்கைச் சாக்கிலிருக்கும் முட்டையும் புழுவும் தெள்ளாகி மறுபடி ஏறும். சாக்கைக் கொதிநீரில் போட வேண்டும் அல்லது எரிக்க வேண்டும்.

அடுத்தது அட்டை. தேயிலைக்குள் இறங்கும் நாய்க்கு விரலிடுக்கில்தான் பிடிக்கும். விட்ட பிறகும் இரத்தம் கசியும், நாள் கணக்கில் அரிக்கும். உப்புப் போட்டுக் கழற்றுவது நம் பழக்கம், ஆனால் கடிவாயில் உப்பு எரிந்தால் நாய் அங்கேயே நக்கும். மெல்லிய முனை ஒட்டிய இடத்தில் நகத்தைச் சாய்த்துத் தள்ளினால் போதும். மரக்கறித் தோட்டத்தில் மருந்தடித்த நாள் என்றால் நாலு காலையும் கழுவி, விரலிடுக்கு வரை துடைக்க வேண்டும்.

நேற்று வரை நன்றாக இருந்த நாய் திடீரென ஒரே பாதத்தை விடாமல் நக்கினால் முள்ளையோ கண்ணாடித் துண்டையோ தேடுங்கள். பழைய கடி தழும்பைத் தானே கடித்துக் குதறி, குணமும் மாறி, எச்சில் வடிந்தால் வாய்க்குள் கை விட வேண்டாம். விசர் நோயும் (ரேபிஸ்) அப்படித் தொடங்கலாம். கட்டிவைத்து, உடனே மிருக வைத்தியருக்குச் சொல்ல வேண்டும்.

ஜூன் 8, சனி

மிருக வைத்தியரிடம் கேட்டுச் செய்விக்க வேண்டியவை: தோலைச் சுரண்டிச் சொறிப் பூச்சி பார்ப்பது, சீழைக் கண்ணாடித் துண்டில் ஒற்றி நுணுக்குக்காட்டியில் பார்ப்பது, மணிக்கட்டு மூட்டை மடக்கி நீட்டி வலி பார்ப்பது. வயதான நாய் என்றால் எக்ஸ்ரே. முன்பே இரண்டு மூன்று மருந்து கேட்காமல் போயிருந்தால் சீழிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை. பேராதனை மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான்.

இந்த நாய்க்கு மூட்டில் வலி இல்லை, சொறிப் பூச்சி இல்லை, தொற்று உண்டு. கிருமியைக் கொல்லும் செபலெக்சின் மாத்திரை 500 மில்லிகிராம், 12 மணித்தியாலத்துக்கு ஒன்று, சாப்பாட்டோடு. ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 22 மில்லிகிராம் கணக்கு. தெள்ளுக்குத் தனி மருந்து.

எத்தனை நாள் என்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். ஒரு கிழமையில் மேல் காய்ந்துவிடும், மாத்திரையை நிறுத்துவார்கள், மூன்றாம் கிழமை பழையபடி. நாக்கு உரசி உரசி மயிர்க்கால்கள் தோலுக்குள்ளேயே உடைகின்றன. உடைந்த மயிர்த் துண்டு உள்ளே முள் மாதிரிக் கிடந்து உறுத்தும். அதைச் சுற்றித் தழும்பு கட்டும். தழும்புக்குள் கிருமி பதுங்கும். மருந்து மெதுவாகத்தான் போய்ச் சேரும். ஆகவே 6 முதல் 8 கிழமை, சில வேளை அதற்கு மேலும். புண் ஆறிய பிறகும் 2 கிழமை. தொடங்கியது சலிப்பாகவே இருந்தாலும் இப்போது நக்க வைப்பது புண்ணேதான்.

ஜூன் 9, ஞாயிறு

கழுவும் முறை. 10 வீத பொவிடோன் அயடின் 10 மில்லிலீற்றர், கொதித்து ஆறிய தண்ணீர் 1 லீற்றர். நிறம் பாலில்லாத இளந்தேநீர், அதாவது இளஞ்சாயத்தண்ணி மாதிரி இருக்க வேண்டும்; இந்த ஊரில் அதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கடுஞ்சாயமாக இருந்தால் கூடிவிட்டது, புதுத் தோலை எரிக்கும். காலை, மாலை 5 நிமிடம் துணியில் ஒற்றி, ஒற்றியே காயவைக்க வேண்டும். தேய்க்கக் கூடாது.

“பழைய எஞ்ஜின் ஒயில் போட்டா சரியாகுமாமே அண்ணே?” ஆகாது. மண்ணெண்ணெய், கற்பூரம் சேர்ந்த தைலம், வலி ஜெல், மனிதர் பூசும் கிறீம், எதுவும் வேண்டாம். தோலில் பூசுவது அரை நிமிடத்தில் வயிற்றுக்குள் போகிற நாய் இது. வலி ஜெல்லில் உள்ள டைக்லோபெனாக் குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

ஜூன் 11, செவ்வாய்

கூம்பு, நக்க எட்டாதபடி நாயின் கழுத்தில் மாட்டுவது. வாங்கியது சிறிதாகப் போய்விட்டது. விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி 2 அங்குலமாவது நிற்க வேண்டும், இல்லையென்றால் நாக்கு மணிக்கட்டுக்கு எட்டும். கழுத்தில் போடும் காற்றுத் தலையணை வகை முன்காலுக்கு உதவாது.

சாப்பாட்டுச் சாமான் வந்த 10 லீற்றர் வாளி ஒன்றை எடுத்து அடியில் தலை நுழையும் அளவு வட்டம் வெட்டி, வெட்டிய விளிம்புக்குப் பழைய தோட்டக் குழாயை நெடுகக் கீறி மாட்டினோம். விளிம்பிலிருந்து விரல் அகலம் உள்ளே நாலு துளை, அவற்றினூடே பட்டி. கழுத்துக்கும் பட்டிக்கும் இடையில் இரண்டு விரல் போக வேண்டும். லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) குறுக்குப் படிகளில் விளிம்பு தட்டி நாய் குப்புற விழும். முதல் இரண்டு நாள் கயிறு பிடித்து ஏற்றி இறக்குங்கள். சாப்பாட்டுக்குக் கழற்றினால் பக்கத்திலேயே இருக்க வேண்டும். 3 நிமிடத் தனிமை ஒரு கிழமை வேலையைக் கெடுக்கும்.

பண்டேஜ் மட்டும் கட்டிவிட்டு நம்பியிருக்கக் கூடாது. மழையில் நனைந்தால் உள்ளே ஊறி அழுகும். இறுக்கினால் விரல் வீங்கும். கட்டு இருக்கும்போதே அதன் மேல் விளிம்பில் நக்கிப் புதுப் புண் தொடங்கும்.

ஜூன் 20, வியாழன்

24 × 17. கசிவு இல்லை. மாத்திரை தொடர்கிறது.

ஜூலை 2, செவ்வாய்

கூம்பு நாக்கைத் தடுக்கும். காலை 7.25க்கு வருகிற தவிப்பைத் தடுக்காது. அதற்கு நாளின் ஒழுங்கை மாற்ற வேண்டும்.

பிரட்டுக்கு (காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் கூட்டத்துக்கு) முன் 20 நிமிடம் நடை, இழுத்துக்கொண்டு ஓடாமல், மோந்து பார்க்க விட்டு. காலைச் சாப்பாட்டில் பாதியைக் கோப்பையில் போடாமல், பழைய துவாயில் ரொட்டித் துண்டுகளைப் பரப்பிச் சுருட்டி ஒரு முடிச்சு. முதல் நாள் முடிச்சில்லாமல் கொடுங்கள். அவிழ்க்க முடியாமல் நாய் கைவிட்டால் விளையாட்டு தோற்றது. இந்த நாய்க்கு இப்போது 15 நிமிடம் பிடிக்கிறது. துவாயையே தின்கிற நாய்க்கு இது வேண்டாம். உப்புக் கழுவி அவித்த நெத்தலி நாலு போடலாம். வெங்காயம் சேர்ந்த கறி மிச்சம் கூடாது, இரத்தத்தை உடைக்கும்.

சங்கிலியை இரு மரத்துக்கிடையே கட்டிய கம்பியில் வளையமாக ஓட விட்டாயிற்று. இன்னும் சங்கிலிதான், ஆனால் 2 மீற்றர் வட்டம் 9 மீற்றர் நடைபாதையாகிவிட்டது.

ஜூலை 6, சனி

அடுத்த லயத்து நாய் தன்னை நக்குவதில்லை. சீமெந்துச் சுவரை நக்குகிறது. அது வேறு கதை. கனடாவின் மொன்றியலில் ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள்: தரை, சுவர் நக்கிய 19 நாய்களில் 14க்கு வயிறு, குடல் கோளாறு இருந்தது. ஆகவே அங்கே முதலில் பார்ப்பது வயிற்றை. புல் தின்கிறதா, வெறும் வாயை விழுங்குகிறதா, காலையில் மஞ்சள் நுரை கக்குகிறதா என்று குறித்துக் கொடுத்தால் வைத்தியருக்குப் பாதி வேலை மிச்சம்.

ஜூலை 20, சனி

19 × 12, மேடு தணிந்திருக்கிறது. தெள்ளு இல்லை, கசிவு இல்லை. ஆனால் கூம்பைக் கழற்றினால் 10 நிமிடத்தில் நாக்கு போகிறது. அரிப்பும் தொற்றும் அடங்கிய பிறகும் மிஞ்சுவதற்குத்தான் “பழக்கம்” என்ற சொல். இப்போது சொல்லலாம்.

இதற்கு மூளையில் வேலை செய்யும் மருந்து உண்டு. நாயின் இந்த நக்கை மனிதரின் கட்டாய எண்ண நோயோடு (ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது) ஒப்பிட்டு, மனநல மருந்தான குளோமிப்ரமினைக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க மனநல ஆய்வாளர் ஜூடித் ராப்பபோர்ட் குழுவின் ஆய்வு 1992இல் வந்தது. இப்போது அதே வகை மருந்தாகப் புளுவொக்செற்றினும் கொடுக்கிறார்கள்; கிலோவுக்கு 1 மில்லிகிராமை ஒட்டித் தொடங்குவார்கள், நாளுக்கு ஒரு தடவை. பலன் தெரிய 4 முதல் 6 கிழமை எடுக்கும். முதல் கிழமை பசி குறையலாம், தூங்கி வழியலாம். வீட்டில் யாருக்கோ எழுதிய கப்சூலை எடுத்துக் கொடுப்பது வேண்டாம். இன்னொன்று, இங்கே அடிக்கடி நடப்பது: உண்ணிக்கு அமிற்றாஸ் என்ற பூச்சிமருந்து கலந்த தண்ணீரில் குளிப்பாட்டுவது. அதையும் இந்த மருந்துகளையும் சேர்க்கவே கூடாது. உண்ணிக்கு என்ன போடுகிறோம் என்பதை வைத்தியர் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 17, சனி

11 × 7, தட்டை. புண் மூடி 2 கிழமை. செபலெக்சின் 10 கிழமையோடு நின்றது. ஜூலையில் தொடங்கிய புளுவொக்செற்றின் தொடர்கிறது, அதைத் திடீரென நிறுத்தாமல், சில மாதம் போன பிறகு படிப்படியாகக் குறைக்க வேண்டும். கூம்பு இரவில் மட்டும்.

அக்டோபர் 27, ஞாயிறு

வடு 9 மில்லிமீற்றர். மயிர் அந்த இடத்தில் இனி முளைக்காது; தழும்பில் மயிர்க்கால் இல்லை. கொப்பியின்படி போன கிழமை முழுக்க நக்கியது 4 நிமிடம்.

வியாழன் தீபாவளி. வெடிச் சத்தம் பள்ளத்தாக்கில் எதிரொலித்து இரண்டாக வரும். பழையது திரும்ப அதுவே போதும். உள்ளறையில் ஜன்னலுக்குக் கம்பளி, ரேடியோ சத்தமாக, பழைய துவாயில் இரண்டு சுருட்டு, வீட்டில் ஒரு ஆள். நடை பின்னேரம் 4 மணிக்கு முன்பே. வாளிக் கூம்பைக் கழுவிக் காயவைத்தாயிற்று. 30ஆம் திகதி இரவே மாட்ட வேண்டும்.