எட்டில் ஒரு பங்கு கார், எழுபது சென்டிமீட்டர் பெட்டி

மாடல் காரைக் காட்சிப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் பத்திரம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். தூசியைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் பலகை, பசை, அடியில் விரிக்கும் ஃபோம் என்று பெட்டிக்குள் போகும் பலவும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவி விடும். மூடி எவ்வளவு இறுக்கமோ, அந்த அளவுக்கு அந்த ஆவி உள்ளேயே தங்கி மாடலை அரிக்கும். கீழே உள்ளதில் பாதி அந்தச் சிக்கலைப் பற்றியதுதான்.

மாடல் 1:8 அளவு உலோகக் கார். நீளம் 56 செ.மீ., பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்து அகலம் 25, உயரம் 15. சமையல் தராசில் 6.4 கிலோ. பெட்டியின் உள்ளளவு 70 × 35 × 25 செ.மீ. மூடியை நேர் மேலாகத் தூக்க வேண்டியிருப்பதால் சுற்றிலும் 5 செ.மீ.யாவது விட வேண்டும்; இல்லையென்றால் முதலில் உடைவது பக்கக் கண்ணாடிதான். அடி இல்லாத மூடியின் ஐந்து பக்கமும் சேர்த்து 7,700 ச.செ.மீ. ஆக்ரிலிக் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்). 5 மி.மீ. ஷீட் என்றால் மூடி மட்டும் 4.6 கிலோ; 3 மி.மீ. என்றால் 2.7 கிலோ. இந்த நீளத்துக்கு 3 மி.மீ. போட்டால் மேல் தகடு நடுவில் தொய்யும். எடை கூடினாலும் 5 மி.மீ.தான்.

1-ம் வாரம்: காரைச் சுத்தம் செய்தல்

பேட்டரியை முதலில் கழற்றியாயிற்று. அல்கலைன் பேட்டரி கசிந்தால் வருவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. காண்டாக்ட் தகட்டில் தொடங்கி ஒயர் வரைக்கும் அரித்துவிடும். பிறகு நைட்ரில் கையுறை, கேமராவுக்கான ரப்பர் ஊதி, மேக்கப் போடும் மெல்லிய பிரஷ். பிரஷை மேலிருந்து கீழாக, ஒரே திசையில். விரல் ரேகை படிந்த இடத்தில் மட்டும் டிஸ்டில்ட் வாட்டரில் நனைத்துப் பிழிந்த பஞ்சு. குரோம் பாகங்களைத் தேய்க்கவே கூடாது. பெரும்பாலும் அது பிளாஸ்டிக்கின் மேல் படிந்த, முடியை விட மெல்லிய அலுமினியப் பூச்சு. பாலிஷ் போட்டால் பளபளப்போடு சேர்ந்து அதுவும் துணியில் வந்துவிடும்.

பெட்டி தயாராகும்வரை காரைத் துவைத்த பருத்தித் துணியால் மூடி வைப்பதே நல்லது. வந்த தெர்மோகோல் பெட்டியில் பாலித்தீன் சுற்றித் திரும்ப வைத்தால் ஈரம் சிக்கி, பெயின்ட் குண்டூசித் தலை அளவுக்குக் கொப்பளிக்கும். கதவு இடுக்கில் செருகி வரும் பிளாஸ்டிக் தாளையும் எடுத்துவிட வேண்டும். நாளாக நாளாக அது பெயின்டில் கோடு போடும்.

2-ம் வாரம்: மூடி

தகடுகளை லேசரில் வெட்டி வாங்கியது தப்பு. விளிம்பு கண்ணாடி மாதிரிப் பளிச்சென்று இருந்தது. ஊசியால் சால்வென்ட் பசை (ஆக்ரிலிக்கைக் கரைத்து ஒட்டுவது) விட்ட சில நிமிடங்களில், விளிம்பை ஒட்டிச் சிலந்தி வலை போல நுண்விரிசல். லேசர் சூட்டில் விளிம்பு உருகி இறுகும்போது உள்ளே இழுவிசை தங்கிவிடுகிறது. சால்வென்ட் பட்டதும் அது பிளந்துகொள்கிறது. 80 டிகிரியில் சில மணி நேரம் சூடாக்கி மெதுவாக ஆறவிட்டால் இழுவிசை தளரும், ஆனால் 70 செ.மீ. தகடு எந்த வீட்டு அடுப்பில் நுழையும்? ரம்பத்தில் வெட்டிய காஸ்ட் (அச்சில் ஊற்றி வார்த்த) ஆக்ரிலிக்கை வாங்கி, விளிம்பை 220, 400 உப்புத்தாளில் சமப்படுத்தி ஒட்டியதில் விரிசல் இல்லை. ஒட்டும் வேலை சன்னலைத் திறந்து வைத்துத்தான். ஒட்டிய பின் மூடி இரண்டு வாரம் திறந்த காற்றில் கிடந்தது. துடைக்க அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரோ ஸ்பிரிட்டோ ஆகாது, அவையும் இதே விரிசலைக் கொண்டுவரும்.

3 முதல் 7-ம் வாரம் வரை: அடிப்பலகை, ஈயக் குண்டு

முதலில் போட்டது 18 மி.மீ. எம்டிஎஃப் (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை), மேலே கறுப்பு பெயின்ட், மூலைகளில் குளியலறைக்குப் பூசும் சாதாரண சிலிகோன். காரை வைக்காமல், மீன்பிடி வலையில் கட்டும் ஈயக் குண்டு ஒன்றைக் கத்தியால் வெள்ளி போல மின்னும்வரை சுரண்டி, காலிப் பெட்டிக்குள் வைத்து மூடியாயிற்று. (ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது.) அருங்காட்சியகங்கள் காட்சிப் பெட்டிக்கான பொருள்களைச் சோதிக்கும் ஆடி (Oddy) சோதனையின் எளிய வடிவம்தான் இது. அங்கே ஈயம், செம்பு, வெள்ளித் துண்டுகளைச் சோதிக்க வேண்டிய பொருளோடு ஒரே குப்பியில் அடைத்து 60 டிகிரியில் 28 நாள் வைப்பார்கள்.

நான்கு வாரம் கழித்து மூடியைத் தூக்கியதும் லேசாகப் புளித்த வாடை. ஈயக் குண்டின் மேல், சுரண்டிய பக்கம் முழுக்க மாவு தூவியது போல வெள்ளைப் பூப்பு. அசெட்டிக் அமிலத்தின் வேலை அது. சாதாரண சிலிகோன் இறுகும்போது விடுவது அதுதான், மர நாரும் பங்குக்குக் கொஞ்சம் விடும். துத்தநாகக் கலவையில் வார்த்த காரின் அடிப்பாகம், பெயின்ட் இல்லாத திருகுகள், பித்தளை பாகங்கள் எல்லாம் இதே காற்றில்தான் இருந்திருக்கும்.

சிலிகோனைச் சுரண்டி எடுத்தாயிற்று. பலகையின் ஆறு முகங்களிலும் அலுமினியம் ஃபாயில் டேப், மேலே 4 மி.மீ. ஏசிபி ஷீட் (இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவில் பிளாஸ்டிக் வைத்தது). ஒட்ட வேண்டிய இடத்தில், இறுகும்போது அசெட்டிக் அமிலம் விடாத, நியூட்ரல் க்யூர் என்று ட்யூபில் போட்டிருக்கும் சிலிகோன். மூடி உட்காரும் பள்ளம் 6 மி.மீ. அகலம், நீளவாக்கில் ஒவ்வொரு முனையிலும் 1 மி.மீ. கூடுதல் இடம். ஆக்ரிலிக் 70 செ.மீ. நீளத்தில் 20 டிகிரி ஏறினால் ஏறக்குறைய 1 மி.மீ. நீளும்; இடம் விடவில்லை என்றால் வெயில் நாளில் மூடி இறுகிக்கொள்ளும்.

8 முதல் 12-ம் வாரம் வரை: மறு சோதனை, தாங்கிகள்

புதிதாகச் சுரண்டிய குண்டு நான்கு வாரத்தில் மங்கலான சாம்பல் நிறத்துக்கு மட்டும் போனது. ஈயம் சாதாரணக் காற்றிலேயே அப்படித்தான் ஆகும். வெள்ளை இல்லை.

இடையில் தாங்கிகள். 6.4 கிலோ முழுவதும் நான்கு டயரில் உட்கார்ந்தால் சில ஆண்டுகளில் டயர் அடி தட்டையாகும், ஸ்பிரிங் இறங்கும். 20 மி.மீ. ஆக்ரிலிக் உருளையில் நான்கு துண்டு வெட்டி, சேசிஸில் திருகு இறங்கும் கெட்டியான இடங்களுக்கு நேராக நிறுத்தியாயிற்று. உயரத்தை எப்படி முடிவு செய்வது? டயருக்கும் தரைக்கும் நடுவில் ஒரு தாள் இறுக்கமாக நுழைய வேண்டும், அவ்வளவுதான். பார்க்கிறவருக்கு கார் தரையில் நிற்பதாகத்தான் தெரியும். உருளையின் தலையில் வெள்ளை பாலித்தீன் ஃபோம். பாலியூரிதேன் ஃபோம் சில ஆண்டுகளில் பிசுபிசுத்து உதிரும், கம்பளி ஃபெல்ட்டில் கந்தகம் உண்டு, பிவிசி ஷீட் எண்ணெய் விடும். டயருக்குக் கீழேயும் பாலியெஸ்டர் ஃபிலிமில் வெட்டிய வட்டம். மென்மையான பிவிசி டயரிலிருந்து கசியும் பிளாஸ்டிசைசர் (பிளாஸ்டிக்கை மென்மையாக்கக் கலப்பது), தான் தொடும் பெயின்டையும் பாலிஸ்டைரீனையும் இளக்கிவிடும்.

13-ம் வாரம்: ஈரப்பதம்

ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைக்க அடியில் 3 செ.மீ. ஆழத்தில் ஒரு இழுப்பறை, மேல் பலகையில் 8 மி.மீ. துளைகள் இருபது. இறுக்கமான பெட்டிக்கு ஒரு கன மீட்டருக்கு 20 கிலோ சிலிக்கா ஜெல் என்பது அருங்காட்சியகக் கணக்கு. இந்தப் பெட்டி 0.061 கன மீட்டர், ஆக 1.2 கிலோ. நீலக் குருணையில் நச்சான கோபால்ட் குளோரைடு இருப்பதால் ஆரஞ்சு நிறம் போதும்.

ஹைக்ரோமீட்டரை (ஈரப்பதம் அளக்கும் கருவி) நம்புவதற்கு முன் சோதிக்க வேண்டும். பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பு, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர், அந்த மூடியையும் கருவியையும் ஒரே ஜிப் பையில் போட்டு ஒரு நாள். 75 காட்ட வேண்டும். இந்தக் கருவி 69 காட்டியது. அதனால் காட்டுவதோடு 6 கூட்டிப் படிக்க வேண்டும். குறி 40 முதல் 50 சதவீதம். 65-ஐத் தாண்டினால் பூஞ்சைக்கு வழி.

விளக்கு மூடிக்கு வெளியே, எல்இடி பட்டை. அதற்கு மின்சாரம் தரும் டிரைவர் சூடாகும் என்பதால் அது அலமாரிக்குப் பின்னால். நேர் வெயில் படும் சுவர் ஆகவே ஆகாது. எல்லாம் சேர்த்து 15 கிலோவைத் தாண்டுவதால் அலமாரித் தட்டை ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகே ஏற்றியது.

பழைய டைகாஸ்ட் (அச்சில் வார்த்த உலோக) மாடல் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பாகங்கள் உப்பி, முறுக்கி, வெடிப்பு விட்டிருந்தால் அது துத்தநாகத்தில் ஈயம் கலந்ததால் வரும் கோளாறு. 1929-ல் நியூ ஜெர்சி ஜிங்க் கம்பெனி 99.99 சதவீதத் தூய துத்தநாகத்தில் சாமாக் (Zamak) என்ற துத்தநாகக் கலவையைக் கொண்டுவந்ததே அதைத் தவிர்க்கத்தான். வார்ப்பிலேயே இருக்கும் குறை என்பதால் மருந்து கிடையாது, ஈரத்தைக் குறைத்துத் தள்ளிப்போடலாம். பக்கத்து மாடலுக்குத் தொற்றாது.

இன்னும் சரியாகாதது ஒன்று: பின்பக்கப் பள்ளத்தில் மூடி முழுதாக உட்காரவில்லை, அரை மி.மீ. இடைவெளி. அந்தப் பக்கம் மட்டும் மெல்லிய தூசிக் கோடு விழுகிறது. 3 மி.மீ. பாலித்தீன் ஃபோம் பட்டையை அடுத்த முறை ஜெல் மாற்றும்போது ஒட்ட வேண்டும்.